ரூபாய்க்குக் கூரை முளைத்த கதை

மருந்துக் கடை பில் ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார் ஒரு வாசகர். விலைக்கு முன்னால் ₹ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கிறுக்கல்கள்: தலையில் குட்டிக் கூரை போட்ட ஆங்கில 'ஏ', ஒரு காற்புள்ளி, அப்புறம் உயரே தொங்கும் பொடி 1. "பிரிண்டர் போச்சா சார்?" என்கிறார். பாவம், பிரிண்டர் மேல் தப்பே இல்லை.

கணினிக்கு எழுத்து என்றாலே எண்தான். அமெரிக்கர்கள் 128 இடங்களுக்குப் பட்டியல் போட்டபோதே டாலரை 36இல் உட்காரவைத்துவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் அதே பட்டியலில் பின்சாய்கோட்டை (\) கிளப்பிவிட்டு யென்னை வைத்தார்கள். ஜப்பானிய விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களுக்கு நடுவே ¥ நிற்பது அதனால்தான். வடிவமைப்பாளர் உதயகுமார் வரைந்த ₹ஐ மத்திய அமைச்சரவை ஏற்றது 2010 ஜூலையில். அக்டோபரிலேயே, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் 8377 என்ற எண் கிடைத்தது. (2013இல் ரூபாய் சரிந்தபோது, குறியின் கழுத்தை அறுக்கும் கோடுதான் காரணம் என்று வாஸ்து பேசியவர்களும் உண்டு. அந்த அக்கறையில் கால்வாசி தமிழ் எழுத்துரு செய்கிறவர்கள் மேல் இருந்திருக்கலாம்.)

கணினி எண்களைப் போட்டுவைக்கும் குட்டிப் பெட்டிக்கு பைட் என்று பெயர். ஒரு பைட்டில் 255க்கு மேல் எழுத முடியாது. 8377ஐ என்ன செய்வது? யூனிகோட் எண்களை பைட்டுகளாக மாற்றும் முறையான யூடிஎஃப்-8 அதை மூன்றாகப் பிரிக்கிறது: 2 × 4096, 2 × 64, மிச்சம் 57. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பிறகு முதல் துண்டான 2உடன் 224ஐக் கூட்டுகிறது; 'என்னோடு சேர்த்து மூன்று பேர்' என்று அதற்கு அர்த்தம். மற்ற இரண்டோடும் 128. 'நான் தனி ஆள் இல்லை, முன்னால் போகிறவரோடு வந்தவன்'. ஆக 226, 130, 185. வழியில் ஒரு பைட் தொலைந்தாலும் அடுத்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். 1992இல் கணினி விஞ்ஞானி கென் தாம்சன் இதை நியூஜெர்சி உணவகம் ஒன்றில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் வரைந்தாராம். எனக்கு இதைவிட அழகான சாப்பாட்டுக் கணக்கு தெரியாது.

கடையின் பழைய சாஃப்ட்வேருக்கு இந்த உறவுமுறை தெரியவில்லை. மூவரையும் தனித்தனி ஆளாக எண்ணி, ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று வைத்திருக்கும் பழைய மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் 226, 130, 185ஐத் தேடி அச்சடித்துவிட்டது. யூரோவின் எண் 8364. அதற்கும் முதல் இரண்டு பைட் இதேதான். அங்கேயும் சாஃப்ட்வேர் இப்படித் தடுமாறினால் இதே கூரைதான் வரும்.

'ரூ' என்று தமிழிலேயே போடச் சொல்லலாமே என்றும் அந்த வாசகர் கேட்டிருக்கிறார். சொல்லலாம். ஆனால் ர ஒன்று, ஊகாரக் குறி ஒன்று, ஆளுக்கு மூன்று பைட். அந்த சாஃப்ட்வேர் ஆறு கிறுக்கல் போடும்.