புரோவெனன்ஸ்: ‘தோற்றம்’ அல்ல, ‘வந்தவழி’

பழம்பொருள் ஏலச் செய்திகளில் ‘வாளின் தோற்றம் உறுதிசெய்யப்பட்டுள்ளது’ என்று எழுதுகிறார்கள். தோற்றம் கண்ணுக்கே தெரியுமே, அதை யார் உறுதிசெய்ய வேண்டும்? ஆங்கிலத்தில் இருப்பது ‘புரோவெனன்ஸ்’. ‘வெளிவருதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஒரு பொருள் யார் யார் கையில் இருந்து இன்றைய இடம் சேர்ந்தது என்பதை அது குறிக்கிறது.

‘தோற்றம்’ என்றால் வாசகர் வடிவத்தை நினைப்பார். தொடக்கம் என்றே எடுத்துக்கொண்டாலும் கொல்லன் உலையோடு நின்றுவிடும். ‘மூலம்’, ‘பிறப்பிடம்’ இரண்டுக்கும் அதே குறைதான். போர்க்களப் பொருள் சேகரிப்பவர் உலைக்காகவா பணம் கொடுக்கிறார்? 2023இல் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் வாளுக்கு 15 முதல் 20 லட்சம் பவுண்டு வரை மதிப்பிட்டிருந்தார்கள். போனதோ சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அரண்மனையில் கிடைத்து, தாக்குதலை நடத்திய பிரிட்டிஷ் தளபதி டேவிட் பேர்டுக்குப் படையினர் வழங்கிய வாள் அது. அந்த பேர்டு, 1780இல் காஞ்சிபுரத்தருகே பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தவர்! இதையெல்லாம் ‘தோற்றம்’ என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

பாரிஸ் இராணுவ அருங்காட்சியகத்தில் வாட்டர்லூ போரின் மார்புக்கவசம் ஒன்று இருக்கிறது. பீரங்கிக் குண்டு முன்தகட்டையும் பின்தகட்டையும் துளைத்திருக்கிறது. அணிந்திருந்தவர் ஃபோவோ என்னும் குதிரைவீரர். பெயர் தெரியாவிட்டால் அது ஓட்டைவிழுந்த இரும்பு. வாட்டர்லூவில் போர் முடிந்த கையோடு நினைவுப்பொருள் வணிகம் தொடங்கி, போலிகளும் கலந்துவிட்டன. அதனால்தான் சேகரிப்பவர் பொருளுக்கு முன் கடிதத்தையும் பட்டியலையும் கேட்கிறார். நிலம் வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் கேட்பதுபோலத்தான்.

‘உடைமை வரலாறு’ என்பார் சிலர். அதை நான் ஏற்கவில்லை. கொள்ளையடித்தவன் கையில் இருந்த காலத்துக்கும் அந்தச் சொல் உரிமைப் பட்டம் கட்டிவிடுகிறது. ‘கைமாற்று வரலாறு’ என்றால் கடன் வாங்கிய கதையாகிவிடும். ‘வந்தவழி’ யாருக்கும் உரிமை கொடுப்பதில்லை, இலத்தீன் வேரோடும் ஒத்துப்போகிறது, பாட்டிக்கும் புரிகிறது. ‘வந்தவழி தெரிந்த வாள்’, ‘வந்தவழிச் சான்று’ என்று இயல்பாக எழுதலாம். அகரமுதலியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே ‘தோற்றம்’ அச்சேறியிருக்காது.