வெளிச்சம் தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள்

எங்கோ ஒரு நாடு ஏவுகணைச் சோதனை நடத்தியதாக இரவுச் செய்தியில் வந்தால் போதும், மறுநாள் காலை எங்கள் பிரிவில் அணுகுண்டுப் பேச்சு எழுந்துவிடும். நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தைராய்டு, எலும்பு, இதயம் இவற்றுக்குக் கதிரியக்க மருந்து செலுத்திப் படம் எடுப்பது எங்கள் வேலை. வாசலில் 'அணு' என்ற சொல்லைப் பார்த்ததும் வருகிறவர்களுக்குக் கேட்கத் தோன்றிவிடுகிறது. "தம்பி, அப்படி ஒண்ணு நம்ம ஊர்ல விழுந்தா எங்க ஓடுறது?" என்று கேட்கும் ஆன்டி, நான் வாய் திறப்பதற்குள் பதிலையும் சொல்லிவிடுவார்: "ஓடி என்ன ஆகப்போகுது? ஒரே நொடியில எல்லாம் முடிஞ்சிடும்."

இந்தப் பதில்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. குண்டு வெடிக்கும் இடத்துக்கு நேர் கீழே இருப்பவர்களுக்கு அது ஏறக்குறைய உண்மை. ஆனால் ஒரு பெருநகரத்தில் பெரும்பாலோர் அங்கே இருக்கமாட்டார்கள். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று வெடித்த குண்டு சுமார் 15 கிலோ டன், அதாவது 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமமான வலிமை கொண்டது. ஏறத்தாழ 2 கி.மீ. வரை கட்டடங்கள் இடிந்தன அல்லது எரிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். இன்றைய குண்டுகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. ஆனால் வலிமை 8 மடங்கானால் அதிர்வலை அடிக்கும் தூரம் சுமார் 2 மடங்குதான் ஆகும். தீக்காயம் அதைவிடச் சற்று அதிகத் தூரம் எட்டும். ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து தெம்பனிஸ் நேர்கோட்டில் சுமார் 13 கி.மீ., உட்லண்ட்ஸ் சுமார் 18 கி.மீ. நம்முடைய சின்னத் தீவில்கூட, 'முடிந்துவிடும்' வட்டத்துக்கு வெளியே லட்சக்கணக்கானவர்கள் இருப்பார்கள். அவர்கள் பிழைப்பதும் பிழைக்காததும் முதல் சில நிமிடங்களிலும் முதல் ஒரு நாளிலும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லாம் போய்விடும் என்று முடிவு கட்டியவர் அந்த நிமிடங்களை வீணாக்கிவிடுவார்.

ஹிரோஷிமாவிலேயே ஏய்சோ நொமுரா என்பவர் வெடிப்பின் மையத்திலிருந்து வெறும் 170 மீட்டர் தூரத்தில் இருந்தார். கான்கிரீட் கட்டடம், அதிலும் கீழ்த்தள அறை. ஏதோ ஆவணம் எடுக்க அந்த நேரத்தில் கீழே இறங்கியிருந்தார். மேலே இருந்த சக ஊழியர்கள் யாரும் தப்பவில்லை. அவர் கதிர்வீச்சு நோயில் கடுமையாக விழுந்து எழுந்து, 1982 வரை வாழ்ந்தார். அவருடைய அதிர்ஷ்டம் எல்லோருக்கும் கிடைக்காது, சரி. ஆனால் கான்கிரீட்டும் மண்ணும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

முதலில் வெளிச்சம். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் ஒரு நொடியில் வந்துவிடும், அதிர்வலை பின்னால்தான் வரும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இடைவெளியில் மனிதர்கள் இயல்பாகச் செய்வது ஒன்றுதான்: என்ன அது என்று பார்க்க ஜன்னலுக்குப் போவது. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் 2013 பிப்ரவரி 15 காலை ஒரு விண்கல் வெடித்தது. அது குண்டல்ல, கதிர்வீச்சும் இல்லை. ஆனாலும் சுமார் 1,500 பேர் காயத்தோடு மருத்துவ உதவி தேடினார்கள். பெரும்பாலானவை உடைந்த கண்ணாடியால் வந்த காயங்கள். வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் ஜன்னலருகே போய் நின்றார்கள், ஓரிரு நிமிடத்தில் அதிர்வலை வந்து சேர்ந்தது. அங்கே ஓர் ஆசிரியை மட்டும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை மேசைக்கடியில் போகச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. அவருக்குத்தான் கையில் கண்ணாடி வெட்டியது.

ஆகவே வெளிச்சம் தெரிந்தால் அதைப் பார்க்காதீர்கள். முகம் கீழே இருக்கும்படி தரையில் படுத்துத் தலையை மூடிக்கொள்ளுங்கள். எச்சரிக்கை முன்னதாகவே வந்திருந்தால் உள் அறைக்குப் போய்விடுங்கள்.

அதிர்வலை போன பிறகு வருவது கதிரியக்கத் தூசி. என் தொழிலுக்கு நெருக்கமானதும், மக்கள் அதிகம் குழம்புவதும் இதில்தான். குண்டு தரையில் அல்லது தரையை ஒட்டி வெடித்தால் மண்ணும் கட்டடத் துகளும் மேலே உறிஞ்சப்பட்டு, கதிரியக்கம் ஏறி, மணல்போலத் திரும்ப விழும். உயரத்தில் வெடித்தால் இது மிகவும் குறைவு. எந்த உயரத்தில் வெடித்தது என்று கீழே இருக்கும் உங்களுக்குத் தெரியாது, எனவே தூசி வரும் என்றே நடந்துகொள்ள வேண்டும். வெடித்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குத் தூசி விழத் தொடங்கப் பத்து, பதினைந்து நிமிடமாவது இருக்கும். அதற்குள் ஒரு திடமான கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

குண்டு நம் தீவில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. சுமத்ராவில் காடு எரிந்தால் நம் வீட்டு ஜன்னலை மூடுகிறோமே, காற்றுக்கு எல்லை கிடையாது என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான். மழையும் அப்படித்தான். மேலே இருக்கும் தூசியை அடைமழை சட்டென்று கீழே இறக்கிவிடும். ஹிரோஷிமாவில் கறுப்பு மழையே பெய்தது. அடிக்கடி மழை பெய்யும் நம் ஊரில் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று மழையில் நனையக் கூடாது.

நல்ல செய்தியும் உண்டு. இந்தத் தூசியின் வீரியம் மிக வேகமாகக் குறையும். நேரம் 7 மடங்காகும்போது கதிர்வீச்சு 10இல் ஒரு பங்காகும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 1,000 என்று இருந்தால் 7 மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. அதனால்தான் முதல் 24 மணி நேரம் உள்ளேயே இருங்கள் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அணு மருத்துவத்தில் எங்களுக்கு மூன்று சொல் பாலபாடம்: நேரம், தூரம், தடுப்பு. தூசி குறையும் நேரத்தை உள்ளே கழிக்கிறோம், தூசி படிந்த தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் தூரமாக இருக்கிறோம், நடுவே கான்கிரீட்டை வைக்கிறோம். தூசியிலிருந்து வரும் காமா கதிரைப் பாதியாக்க 6 செ.மீ. கான்கிரீட் போதும். 24 செ.மீ. சுவர் அதை 16இல் ஒரு பங்காக்கும்.

இங்கேதான் சிங்கப்பூர் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் இரும்புக் கதவு வைத்த அந்தச் சின்ன அறை இருக்கிறது. வீட்டுக் காப்பறை. நம்மில் பாதிப் பேருக்கு அது ஸ்டோர் ரூம். அரிசி மூட்டை, தீபாவளி விளக்குப் பெட்டி, ஊருக்குப் போகும் சூட்கேஸ், பழைய மின்விசிறி என்று கதவே மூட முடியாதபடி நிறைந்திருக்கும். பொருள் வைப்பதில் தப்பில்லை, சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் சில நிமிடங்களில் காலி செய்ய முடிகிற அளவுக்கு வையுங்கள். இரும்புக் கதவைக் கழற்றாதீர்கள். சுவரில் ஓடு பதிக்காதீர்கள், காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள். இந்த அறை வழக்கமான குண்டுகளின் அதிர்வையும் சிதறலையும் தாங்க வடிவமைக்கப்பட்டது, அணுகுண்டுக்கென்று கட்டியதல்ல. இருந்தாலும் மையத்திலிருந்து தள்ளி இருக்கும் ஒரு வீட்டில் இதைவிட நல்ல இடம் வேறு இல்லை. டேப் ஒட்டி முழுக்க மூடிவிட்டு உள்ளே உட்காராதீர்கள், மூச்சுக் காற்று வேண்டும்.

பழைய புளோக்கில் இருப்பவர்கள் வெளிச்சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் எவ்வளவு உள்ளே தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு போக வேண்டும். கூரைக்குக் கீழுள்ள மாடிகளையும் தரையை ஒட்டியவற்றையும்விட நடு மாடிகள் பாதுகாப்பானவை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது: புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளி, அதாவது வாய்ட் டெக், புகலிடம் அல்ல. நாலு பக்கமும் திறந்து கிடக்கும், தூசி அள்ளிக்கொண்டு வரும். மழைக்கு ஒதுங்கிய பழக்கத்தில் அங்கேதான் கால் போகும். போக விடாதீர்கள். வெளியில் இருந்தால் நிலத்தடி எம்ஆர்டி ரயில் நிலையம், கட்டடத்தின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடம், பெரிய கட்டடத்தின் நடுப்பகுதி எல்லாம் நல்ல இடங்கள்.

ஊரிலிருந்து வந்து கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள் இதைப் படித்தால் உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லாரியில் போய்க்கொண்டிருக்கும்போது எச்சரிக்கை வந்தால் தங்குவிடுதிக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். பக்கத்தில் தெரியும் கான்கிரீட் கட்டடத்துக்குள் நுழையுங்கள். யார் கட்டடம், அனுமதி உண்டா என்றெல்லாம் அன்று பார்க்க வேண்டாம்.

வெளியில் மாட்டிக்கொண்டு தூசி படிந்து வந்தவர் என்ன செய்வது? எங்கள் அறையில் சில நேரம் டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்து ஒரு சொட்டு சிந்திவிடும். கண்ணுக்குத் தெரியாது. கதிர்வீச்சு அளவுமானியைக் காலணி உறைக்கு அருகில் கொண்டுபோனால் படபடவென்று கத்தும். உறையைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி காலருகே பிடித்தால் அமைதியாகிவிடும். புதிதாகச் சேரும் பயிற்சி மாணவர்கள் இதைப் பார்த்த பிறகுதான் பயம் தெளிவார்கள். கதிரியக்கம் மாயம் இல்லை, அது எந்தத் துகளில் இருக்கிறதோ அதைக் கழற்றி எறியலாம். மேல் ஆடையையும் காலணியையும் கழற்றினாலே படிந்ததில் பெரும்பகுதி போய்விடும். சட்டையைத் தலைவழியாக இழுக்காதீர்கள், பொத்தானைக் கழற்றுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி ஆட்கள் இல்லாத மூலையில் வையுங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டு, தோல் உரியத் தேய்க்காமல், குளியுங்கள். தலைக்கு ஷாம்பு போடலாம், கண்டிஷனர் வேண்டாம். அது துகளை முடியோடு ஒட்டவைத்துவிடும். தலைக்கு எண்ணெயும் அன்று வேண்டாம்.

அப்படி வந்தவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கதிர்வீச்சு பட்டவர் தொற்றுநோயாளி அல்லர். ஆடை மாற்றிக் குளித்தவரைத் தொடுவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஹிரோஷிமாவில் தப்பியவர்களைப் பல ஆண்டுகள் வேலைக்கும் திருமணத்துக்கும் ஒதுக்கிவைத்தார்கள், அது அறியாமையால் செய்த இரண்டாவது கொடுமை.

அயோடின் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் தருவது எங்கள் அன்றாட வேலை. அந்தச் சுரப்பி அயோடினை எப்படி உறிஞ்சும் என்பது எங்களுக்குத் தெரியும். மாத்திரை சுரப்பியை முன்கூட்டியே நிரப்பிவைக்கும், அவ்வளவுதான். எலும்பு மஜ்ஜையையோ குடலையோ அது காக்காது, வெளியிலிருந்து வரும் காமா கதிரை நிறுத்தாது. அதிகாரிகள் சொன்னால் மட்டும், சொன்ன அளவில் எடுங்கள். 2011இல் ஃபுகுஷிமா விபத்து நடந்தபோது சீனாவில் மக்கள் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். பிலிப்பைன்ஸில், கழுத்தில் பெட்டடைன் தடவிக்கொள்ளுங்கள் என்று பிபிசி பெயரில் பொய்க் குறுஞ்செய்தி சுற்றியது. இன்று அது வாட்ஸ்அப்பில் நல்ல தமிழில் வரும். அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

அப்படியானால் யாரைக் கேட்பது? ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15 மாலை 6:20க்குத் தீவு முழுக்க எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறது, 1942இல் சிங்கப்பூர் சரணடைந்த நேரத்தை நினைவூட்டி. அது கேட்டால் உள்ளூர் வானொலியையோ தொலைக்காட்சியையோ போட வேண்டும் என்பதுதான் பாடம். தமிழுக்கு ஒலி 96.8 இருக்கிறது. கைப்பேசி இணைப்பு நின்றுபோகலாம், பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன வானொலி வீட்டில் இருக்கட்டும். எச்சரிக்கையும் தவறலாம். ஹவாயில் 2018 ஜனவரி 13 காலை ஏவுகணை வருகிறது என்று எல்லாக் கைப்பேசிக்கும் செய்தி போனது, தவறு என்ற திருத்தம் வர 38 நிமிடம் ஆனது. அந்த இடைவெளியில் பெற்றோர் குழந்தையைச் சாலையோரச் சாக்கடைக் குழிக்குள் இறக்கிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. எங்கே போவது என்று பலருக்குத் தெரியவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் செய்தாலும் எங்களைப் போன்ற மருத்துவமனைகளால் சமாளிக்க முடியாது. ஹிரோஷிமாவில் மருத்துவர், தாதியரில் 10இல் 9 பேர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். தீக்காயப் படுக்கை, ரத்தம், ஆள் எதுவும் எந்த நாட்டிலும் போதாது. உலகில் 9 நாடுகளிடம் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற வட்டாரமாக்கும் ஒப்பந்தத்தில் 1995இல் நாம் கையெழுத்திட்டோம். அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2017இல் ஐ.நா.வில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 122 நாடுகள் ஆதரித்தன, நெதர்லாந்து எதிர்த்தது, கலந்துகொண்ட நாடுகளில் சிங்கப்பூர் மட்டும் வாக்களிக்காமல் விலகி நின்றது. அரசுக்குக் காரணங்கள் இருக்கும். கதிர்வீச்சோடு வேலை செய்யும் எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

கடைசியாக, சமூக மன்றக் கூட்டங்களில் அம்மாக்கள் ஒத்துக்கொள்ள மறுக்கும் ஒரு விஷயம். அந்த நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருந்தால் அழைத்துவரப் போகாதீர்கள். பள்ளி பெரிய கான்கிரீட் கட்டடம், உள்ளே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சாலையில் இறங்கினால் தூசி விழும் நேரத்தில் நீங்களும் வெளியே, பிறகு பிள்ளையும் வெளியே. என் வீட்டில் இதைச் சாப்பாட்டு மேசையில் பேசி முடித்துவிட்டோம். மகள் பள்ளியிலேயே இருப்பாள், மனைவி அலுவலகக் கட்டடத்தின் நடுவே இருப்பார், நான் மருத்துவமனையில் இருப்பேன், வீட்டிலிருக்கும் அம்மா காப்பறைக்குள் போய் வானொலியைப் போட்டுக்கொள்வார். வெளியே வரலாம் என்று அறிவிப்பு வரும்வரை யாரும் யாரையும் தேடிப் போவதில்லை. தொலைபேசி வேலை செய்தால் அழைப்பு வேண்டாம், ஒரு குறுஞ்செய்தி போதும்.