133-க்கு 11 வரைக்கும் பாத்தா ஏன் போதும்?

நாகர்கோவில்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, மகளுக்கு காரணி ஜோடி ஹோம்வொர்க்காம், வர்க்கமூலம் வரைக்கும் வகுத்துப் பாத்தா போதும்னு டீச்சர் சொல்லிட்டாங்களாம், அது ஏன் போதும்னு பிள்ளை கேட்டா நான் என்னத்த சொல்லன்னு. இந்த ஏன்-ஐ கேட்ட பிள்ளைக்கு முதல்ல ஒரு சபாஷ்.

காரணி ஜோடின்னா தெரியும்லா, ரெண்டு எண்ண பெருக்கினா நம்ம எண் வரணும், அவ்வளவுதான். கன்னியாகுமரி வள்ளுவர் சிலை பீடத்தோட சேத்து 133 அடி, அதையே எடுத்துக்கிடுவோம். 1 × 133 சும்மாவே கிடைக்கும். ஒற்றைப்படை எண், அதனால 2, 4, 6, 8, 10 எதுவும் ஆகாது. இலக்கங்கள கூட்டினா 7, அப்போ 3-உம் 9-உம் ஆகாது. கடைசி இலக்கம் 3, அதனால 5-உம் ஆகாது. 7-ல மீதியில்லாம வகுபடுது, 7 × 19. 11 போட்டா மீதி 1. வேல முடிஞ்சு.

13, 17 எல்லாம் ஏன் பாக்கல? இங்கதான் விஷயமே இருக்கு. ஜோடில ரெண்டு எண்ணும் 12-ஓ அதுக்கு மேலயோ இருந்தா பெருக்குத்தொகை குறைஞ்சது 144 வந்திரும், நமக்கு வேண்டியது 133தான், அப்போ ரெண்டுல ஒண்ணு 11-க்குள்ள இருந்தே ஆகணும். 133-ஓட வர்க்கமூலம் 11-க்கும் 12-க்கும் நடுவுல இருக்கு, டீச்சர் சொன்னது இதத்தான். பெரிய எண் தனியா வராது, கூட ஒரு சின்ன எண்ண கூட்டிட்டுதான் வரும், அந்த சின்னத நாம ஏற்கனவே பாத்தாச்சு. 19-ஐ நாம தேடவே இல்ல பாத்தீங்களா, 7 கூட்டிட்டு வந்துச்சு.

இப்போ குறள் எண்ணிக்கை 1330. 36-இன் வர்க்கம் 1296, 37-இன் வர்க்கம் 1369, அதனால 36 வரைக்கும் பாத்தா போதும். 1 × 1330, 2 × 665, 5 × 266, 7 × 190, 10 × 133, 14 × 95, 19 × 70, 35 × 38. இடப்பக்கம் ஏற ஏற வலப்பக்கம் இறங்கிட்டே வருது, இடைவெளி 1329-ல ஆரம்பிச்சு கடைசில வெறும் 3, எனக்கு இத எத்தன தடவ பாத்தாலும் அலுக்காது. 36 மாதிரி வர்க்க எண்ணா இருந்தா ரெண்டு பக்கமும் 6-லயே வந்து முட்டிக்கிடும், அதான் வர்க்க எண்ணுக்கு மட்டும் காரணிகளோட எண்ணிக்கை ஒற்றைப்படையா வருது.

அந்த லிஸ்ட்ட இன்னொரு தடவ பாருங்க. 38 அறத்துப்பால் அதிகாரம், பீடத்தோட உயரமும் 38 அடி. 70 பொருட்பால். 95 அடி சிலை மட்டும். எல்லாமே 1330-ஓட காரணி! உடனே வள்ளுவர் ரகசியம்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிராதீங்க. 38-உம் 133-உம் 19-ல வகுபடும், அப்போ கழிச்சா வர்ற 95-உம் வகுபட்டுத்தான் ஆகணும், அதுல அதிசயம் ஒண்ணும் கிடையாது. மூணாவது பாலான காமத்துப்பால் 25 அதிகாரம், 1330 அந்த 25-ல மீதியில்லாம வகுபடவே மாட்டேங்குது. பேர்ல ஒரு எழுத்து கூட்டுறதுக்கு நியூமராலஜிக்காரர்ட்ட காச கொடுக்கறதுக்குப் பதிலா பிள்ளைக்கு ஒரு கணக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்.

ஆனா எண் பெருசானா இந்த வழி செல்லாது. 1977-ல உருவான ஆர்எஸ்ஏ ரகசியக் குறியீட்டு முறையோட பலமே அதுலதான் இருக்கு. ரெண்டு பெரிய பகா எண்கள பெருக்குறது லேசு, பெருக்கி வந்தத பிரிக்கறது பெரும்பாடு. 2020 பிப்ரவரில 250 இலக்க எண் ஒண்ண பிரிச்சுட்டாங்க, அதுவும் நம்ம வழில இல்ல, அதுக்குன்னே இருக்க வேற முறைல, பல கம்ப்யூட்டர ஒண்ணா ஓட விட்டு. கம்ப்யூட்டர் சிப்புக்குள்ள கணக்கு போடுற பகுதிக்கு கோர்னு பேரு, அப்படி ஒரே ஒரு கோர்ல ஓட்டியிருந்தா சுமார் 2700 வருஷம் ஆகியிருக்கும். வர்க்கமூலம் வரைக்கும் போதும்ங்கறது அங்கயும் உண்மதான், ஆனா அந்த வர்க்கமூலமே 125 இலக்கம்லா.