புரியாத பெயரெல்லாம் குப்பை இல்லை

இந்த வாரமும் ஒருவருடைய டேலி கணக்கு போயிற்று (டேலி என்பது கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்). நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலை. சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டியதும் ஆபீஸ் பையன் இடம் பண்ணக் கிளம்பியிருக்கிறான். டேலிக்குள் 10000, 10001 என்று வெறும் எண்ணாகக் கிடந்த ஃபோல்டர்களைப் பார்த்து, "பேரே இல்லண்ணே, ஏதோ வேஸ்டுன்னு நெனச்சேன்" என்று, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதபடி ஷிஃப்ட் டெலீட் அடித்துவிட்டான். டேலியில் அந்த எண் ஃபோல்டர்தான் கம்பெனியின் கணக்கு. நெல் கொள்முதல், தவிடு விற்ற வரவு, ஜிஎஸ்டி எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மொத்தமும் சேர்ந்து அரை ஜிபி தேறாது. அதே கம்ப்யூட்டரில் முதலாளி வீட்டுக் கல்யாண வீடியோ மூன்று காப்பி, டவுன்லோட்ஸ் நிறையப் படங்கள். அவற்றை யாரும் தொடவில்லை. பெயர் தெரிந்த ஃபைல்கள் ஆயிற்றே!

கும்பகோணத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியாவது வைக்கிறேன்.

டிரைவ் நிறைந்ததும் நம் ஆட்கள் முதலில் கை வைப்பது பெயர் புரியாத சின்ன ஃபைல்களில். இடத்தை அடைப்பதோ பெயர் நன்றாகப் புரிந்த பெரிய ஃபைல்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் வேர்டு ஃபைல், தலைக்கு 100 கேபி என்றாலும் மொத்தம் 100 எம்பிதான். கேமராவில் 100 மெகாபிட் வேகத்தில் பதிவான 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முகூர்த்தம் மட்டும் முழுதாக எடுத்திருந்தாலே பழைய சி டிரைவில் பாதி நிறைந்துவிடும். களத்தில் மூட்டை மூட்டையாக நெல் கிடக்க, சிந்திய மணியைப் பொறுக்கி இடம் பண்ணுகிறவரை என்ன சொல்வீர்கள்? அதையேதான் கம்ப்யூட்டரில் செய்கிறீர்கள். பெயர் விளங்கவில்லை என்றால் அது உங்களுக்காக எழுதிய பெயர் இல்லை, புரோகிராமுக்காக எழுதியது, அவ்வளவுதான். "ஏதோ டாட் டிஎல்எல்னு இருந்துச்சு சார்" என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். உங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு வேண்டாதது ஆகிவிடாது.

யூடியூப் வைத்தியம் வேறு. தற்காலிக ஃபைல்கள் சேரும் டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்வது சரி, அதில் தப்பில்லை. ஆனால் ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைத் தினம் துடைக்கச் சொல்கிறார்களே, அதில் இருப்பது சில எம்பி. புரோகிராம்கள் சீக்கிரம் திறக்கட்டும் என்று விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பு அது. அழித்தால் மறுபடி எழுதும். விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கிற கிளீனரும் அப்படித்தான். இடமும் கிடைக்காது, சமயத்தில் விண்டோஸே எழுந்திருக்காது.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் கையால் எதையும் அழிக்காதீர்கள். வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பெரிதாகத் தெரியும். ஒரே ஃபைலை இரண்டு இடத்திலும் கணக்குக் காட்டுவதால் அப்படித் தெரிகிறது, நிஜ அளவு அவ்வளவு இல்லை. இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டர் இன்னும் மோசம். அழித்த அன்று ஒன்றும் ஆகாது, சாமர்த்தியம் செய்துவிட்டதாகத் தோன்றும். ஆறு மாதம் கழித்து எம்எஸ் ஆபீஸை அப்டேட் செய்யவோ கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கவோ போனால், அந்த ஃபைல் எங்கே என்று கேட்டு நின்றுவிடும். அப்போது என்னிடம் வருவீர்கள். ஹைபர்ஃபில் என்ற ஃபைல் மட்டும் உண்மையிலேயே பெரியது, ரேம் அளவில் ஏறக்குறைய 40 சதவீதம். திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவதுதான் ஹைபர்னேட்; டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் அதை யாரும் தொடுவதில்லை, அதை அணைத்தால் அந்த ஃபைல் தானே போய்விடும். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும், பரவாயில்லை என்றால் செய்யுங்கள். பேஜ்ஃபைல் ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது, அதை விட்டுவிடுங்கள்.

சரி, எதைத்தான் அழிப்பது? செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ். அங்கே போனால் எது எவ்வளவு தின்கிறது என்று விண்டோஸே சொல்லும். டெம்பரரி ஃபைல்ஸில் பழைய அப்டேட் மிச்சங்கள், ரீசைக்கிள் பின் எல்லாம் இருக்கும், டிக் போட்டு எடுக்கலாம். அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸும் இருக்கிறது, கவனம். 'எல்லாம் டெம்பரரிதானே' என்று அதிலும் டிக் போட்டு, பேங்க் ஸ்டேட்மெண்டையும் மகள் கல்லூரிச் சான்றிதழையும் தொலைத்தவர்கள் உண்டு. அதற்கு மேலும் தேட வேண்டுமென்றால் விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட் மாதிரி ஃபைல் அளவைக் காட்டும் புரோகிராம் ஒன்றைப் போட்டு அளவு வரிசையில் பாருங்கள். மேலே இருக்கும் பத்து வரியில் விஷயம் முடிந்துவிடும்.

ஸ்டுடியோக்காரர்களுக்கு: வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரான ப்ரீமியர், வேலை வேகமாக நடக்கச் செய்து வைக்கும் துணை ஃபைல்களை, அதாவது மீடியா கேஷை, சி டிரைவில்தான் கொட்டும். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் போகப் போக அது பத்து இருபது ஜிபி என்று ஏறிக்கொண்டே இருக்கும். முடிந்த வேலைகளின் கேஷைத் தாராளமாக அழிக்கலாம், வேண்டும்போது அதுவே மறுபடி செய்துகொள்ளும். புராஜெக்ட் ஃபைலும் கேமரா கிளிப்பும்தான் உங்கள் பிழைப்பு, அவற்றைத் தொடாதீர்கள்.

இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு: சம்பா பயிர்க் காப்பீட்டுச் சமயத்தில் அடங்கலும் சிட்டாவும் பாஸ்புக்கும் ஸ்கேன் செய்து தள்ளுகிறீர்கள். ஏ4 பக்கத்தை 600 டிபிஐ கலரில், சுருக்காத பிட்மேப்பாக எடுத்தால் ஒரு பக்கமே 100 எம்பி. 200 டிபிஐ, ஜேபெக் என்று மாற்றினால் சில நூறு கேபியில் முடியும், எழுத்தும் தெளிவாகத் தெரியும். ஸ்கேனர் செட்டிங்கை ஒரு தடவை மாற்றினால் போதும். இன்னொன்று, ஊர் விவசாயிகள் அத்தனை பேருடைய ஆதாரும் உங்கள் டவுன்லோட்ஸில் கிடக்கிறது. இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள், தயவுசெய்து.

256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட்டிஸ்குக்குப் பதிலாக வரும் புது வகை டிஸ்க்) மாட்டிக்கொடுத்தால் 238 என்றுதான் காட்டும். மீதியை நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அந்த 238-ஐயும் சி, டி, இ என்று மூன்றாக வெட்டித் தரச் சொல்லாதீர்கள். சி-க்கு 80 கொடுத்துவிட்டு அது நிறைந்துவிட்டது என்று அழுவதில் அர்த்தம் இல்லை. டெஸ்க்டாப்பில் வைப்பதும் சி டிரைவில்தான் உட்காருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பை வைத்திருப்பவர்கள் 'மேலே காப்பி இருக்கே' என்று இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள், ஃபைல் மேலே பத்திரமாக இருக்கும், இங்கே இடம் மட்டும் காலியாகும்.

எதை அழிப்பதற்கும் முன்னால் டேலி பேக்கப்பை வெளி டிஸ்கில் ஒன்று எடுங்கள். பென்டிரைவாவது இருக்கட்டும், ஆனால் அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் எடுத்து வைத்துவிட்டு 'பேக்கப் இருக்கு' என்று சொல்லாதீர்கள்.

தவறி அழித்துவிட்டால்? பழைய ஹார்ட்டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. அழித்ததன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டி அப்படி இல்லை. அழித்ததும் விண்டோஸ் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று டிஸ்குக்குச் சொல்லிவிடும், டிஸ்கும் துடைத்துவிடும். அரிசி ஆலை விஷயத்தில் நடந்தது அதுதான். எட்டு மாதத்துக் கணக்கைப் பில் கட்டுகளை வைத்துக்கொண்டு திரும்ப ஏற்றுகிறார்கள்.

எந்த டிஸ்காக இருந்தாலும் உடனே நிறுத்துங்கள். ரிக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி அதே டிரைவில் போடாதீர்கள், போட்டால் மீட்க வேண்டிய ஃபைல் மேலேயே அது எழுதும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, தெரிந்தவரிடம் கொடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரும் வேண்டும், பாஸ்வேர்டும் வேண்டும். பாதிப் பேர் பாஸ்வேர்டைச் சொல்லாமல் வைத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள், போன் போட்டால் எடுப்பதும் இல்லை.