மூன்று நாள் முந்திக்கொண்ட கட்டுரை

1979 மார்ச் 2-ஆம் தேதி ‘சயின்ஸ்’ இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் ஸ்டான்டன் பீல், பேட்ரிக் காசன், ரே ரேனால்ட்ஸ். வியாழனின் நிலாவான அயோவின் உட்பகுதி உருகிக் கிடக்க வேண்டும், மேலே எரிமலைகள் பரவலாக இருக்கக்கூடும் என்றார்கள். பூமிக்கு வெளியே சீறும் எரிமலையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. வாயேஜர்-1 விண்கலம் வியாழனை நெருங்க மூன்றே நாள் பாக்கி. அச்சகத்தில் இரண்டு வாரம் தாமதமாகியிருந்தால், அதைக் கணிப்பு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அயோ நம் நிலாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அந்த அளவுள்ள உருண்டை எப்போதோ ஆறிப்போய், பள்ளங்கள் நிறைந்த பாறையாக இருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. பீல் குழு அதன் பாதையைப் பார்த்தது.

வியாழனின் ஈர்ப்பு, அயோவின் அருகுப் பக்கத்தை அதிகமாகவும் தொலைவுப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. அதனால் அயோ சற்றே நீண்டு புடைக்கிறது. பாதை சரியான வட்டமாக இருந்தால் அந்தப் புடைப்பு அப்படியே நின்றுவிடும், வெப்பமும் பிறக்காது. ஆனால் பாதை துளி நீள்வட்டம். ஒவ்வொரு சுற்றிலும் வியாழனுக்கும் அயோவுக்கும் இடையிலான தூரம் சுமார் 3,400 கி.மீ. கூடிக் குறைகிறது. 42 மணி நேரச் சொச்சத்தில் ஒரு சுற்று. அதற்குள் புடைப்பு உயர்ந்து தாழ்ந்தாக வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் 100 மீட்டர் வரை போகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறி இறங்குவது கடல் நீர் அல்ல, கெட்டிப் பாறை. அந்த உராய்வில்தான் சூடு பிறக்கிறது.

சரி, இப்படிச் சக்தி வீணானால் பாதை நாளடைவில் வட்டமாகிவிடாதா? தனியாக இருந்தால் ஆகிவிடும். அயோ நான்கு சுற்று முடிப்பதற்குள் வியாழனின் மற்ற நிலாக்களான யூரோப்பா இரண்டும் கனிமீடு ஒன்றும் முடிக்கின்றன. இந்த ஒழுங்கால் அயோவுக்குத் திரும்பத் திரும்ப ஒரே வகையான இழுப்பு கிடைக்கிறது, பாதையும் வட்டமாக முடியாமல் தவிக்கிறது. இப்படி இழுத்துப் புடைக்கவைக்கும் ஓத விசையும் இந்த 4:2:1 கணக்கும் வானியலாளர்களுக்குப் பழைய சங்கதிகள். இரண்டையும் சேர்த்து வெப்பத்தைக் கணக்கிட்டதில்தான் பீல் குழுவின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

மார்ச் 8-ஆம் தேதி வாயேஜர் திரும்பிப் பார்த்து எடுத்த படத்தில், விண்கல வழிகாட்டுக் குழுவின் லிண்டா மொரபிட்டோ ஒரு மங்கலான விண்மீனைத் தேடினார். அதற்காகப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியபோது அயோவின் விளிம்புக்கு வெளியே குடை போன்ற ஒன்று தெரிந்தது. 250 கி.மீ.க்கும் மேல் எழும்பிய எரிமலைப் பீச்சல் அது. பூமி உள்ளிருந்து வெளியேற்றும் மொத்த வெப்பத்தைப் போல் சுமார் இரு மடங்கை அயோ வெளியேற்றுகிறது என்பது பின்னாளில் தெரிந்தது.

எல்லாமே சரியாக அமைந்துவிடவில்லை. மெல்லிய ஓடு, அதற்குள் பெரும்பாலும் உருகிய பாறை என்று அந்தக் கட்டுரை கற்பனை செய்திருந்தது. 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் ஜூனோ விண்கலம் சுமார் 1,500 கி.மீ. அருகில் பறந்து ஈர்ப்பை அளந்தது. மேற்பரப்பை ஒட்டி, அயோ முழுவதும் பரவிய பாறைக்குழம்புக் கடல் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

பீலின் கட்டுரைப் பட்டியலில் எனக்கு இதைவிடப் பிடித்தது 1976-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த சிறு கட்டுரை. புதன் கோளின் உள்ளகம் திரவமா, திடமா என்பது கேள்வி. அங்கே காந்தப்புலம் இருப்பதை மரினர்-10 விண்கலம் அப்போதுதான் கண்டிருந்தது. பச்சை முட்டையும் அவித்த முட்டையும் சுழலும் விதத்தில் வேறுபடுமே, அந்த வேறுபாட்டைத்தான் பீல் பிடித்துக்கொண்டார். புதன் இரண்டு முறை சூரியனைச் சுற்றுவதற்குள் மூன்று முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் உருவம் முழு உருண்டை இல்லை. பாதையும் நன்றாகவே நீள்வட்டம். அதனால் சூரியன் ஒவ்வொரு 88 நாள் சுற்றிலும் அதன் சுழற்சியைச் சற்று முடுக்கிப் பின் தடுக்கிறது. உள்ளே திரவம் இருந்தால் மேல் ஓடு மட்டும் ஆடும், ஆட்டமும் பெரிதாக இருக்கும். இந்த ஆட்டம், அச்சின் சாய்வு, ஈர்ப்பு பற்றிய இரண்டு எண்கள் ஆகிய நான்கையும் அளந்தால் உள்ளகத்தின் கதை தெரிந்துவிடும் என்று எழுதினார். அளக்கும் வழிதான் அன்று கிடையாது.

அது 2002-இல் கைகூடியது. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடியோ அலைத் தட்டிலிருந்து ரேடார் அலை அனுப்பி, எதிரொலியை அங்கேயும் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் தொலைநோக்கியிலும் பிடித்தார்கள். எதிரொலி வலுத்தும் மெலிந்தும் திட்டுத்திட்டாக விழும்; அந்தப் புள்ளிக்கோலம் புதனின் சுழற்சிக்கேற்பப் பூமிமீது நகர்ந்து போகும். ஓரிடத்திலிருந்து மற்றதற்கு வர எடுக்கும் நொடிகளை வைத்துச் சுழற்சி வேகத்தைக் கறந்துவிடலாம். 2007-இல் ஜான்-லூக் மார்கோ தலைமையில் முடிவு வெளியானது. ஆட்டம் சுமார் 36 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு), அதாவது புதனின் நடுக்கோட்டில் ஏறக்குறைய 400 மீட்டர். முழுக்கத் திடமான கோளுக்கு வரவேண்டியதைப் போல் இரு மடங்கு. உள்ளகத்தின் வெளிப்பகுதியாவது உருகித்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டு 31 ஆண்டுகள் கழித்து வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் பீலும் ஒருவர். அப்புறம், மெசஞ்சர் விண்கலம் 2011 முதல் புதனைச் சுற்றி, மிச்சமிருந்த ஈர்ப்பு எண்களையும் துல்லியமாக்கியது. 2,440 கி.மீ. ஆரமுள்ள கோளில் உள்ளகத்துக்கு மட்டும் சுமார் 2,000 கி.மீ. பீல் 2015-இல் காலமானார்.