ஃப்ளேர் குழாயில் ஒலிவேக வரம்பு: எந்த முனையில் கணக்கிட வேண்டும்?

பாதுகாப்பு வால்வு திறந்ததும் வாயு டெயில் பைப் (வால்விலிருந்து புறப்படும் குழாய்) வழியாக ஃப்ளேர் ஹெடருக்குப் (பல வால்வுகளின் வாயுவைச் சேர்த்து, அதை எரிக்கும் ஃப்ளேருக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்) போகும். குழாயில் வாயு ஓடும் வேகத்தை, அதே வாயுவில் ஒலி செல்லும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது மாக் எண். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ 521 தரநிலையைப் பின்பற்றும் ஆலைகள் பொதுவாக ஹெடருக்கு 0.5, டெயில் பைப்புக்கு 0.7 என்று வரம்பு வைக்கின்றன. உங்கள் ஆலையின் வடிவமைப்பு ஆவணத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

ஒலிவேகம் காண: தன்வெப்ப விகிதம் (மாறா அழுத்தத்திலும் மாறாக் கன அளவிலும் உள்ள தன்வெப்பங்களின் விகிதம்), வாயு மாறிலி 8314, கெல்வினில் வெப்பநிலை மூன்றையும் பெருக்கி, மூலக்கூறு எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். விடை மீட்டர்/வினாடியில் வரும். அழுத்தம் அதிகமானால், வர்க்கமூலம் எடுக்கும் முன் அமுக்கத்தன்மைக் காரணியையும் (இலட்சிய வாயுவிலிருந்து விலகும் அளவைக் காட்டும் எண்) பெருக்க வேண்டும். 300 கெல்வினில் ஹைட்ரஜனுக்குச் சுமார் 1,316, புரொப்பேனுக்கு 253. ஆகவே எந்த வால்வு, எந்தச் சூழலில், எந்த வாயுவை விடுகிறது என்று தனித்தனியாகப் பார்க்காமல் பொதுவான ஒரு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது.

அதிகம் தவறுவது அழுத்தத்தில். வினாடிக்கு 20 கிலோ புரொப்பேன், 300 கெல்வின், உள்விட்டம் 0.25 மீட்டர் ஹெடர் என்று கொள்வோம். தொடக்கத்தில் தனி அழுத்தம் (வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளப்பது) 2 பார், அடர்த்தி கன மீட்டருக்கு 3.53 கிலோ, வேகம் வினாடிக்கு 115 மீட்டர், மாக் 0.46. தேறிவிட்டது போலத் தெரியும். அதே குழாயின் கடைசி முனையில் அழுத்தம் 1.2 பார்தான். அங்கே அடர்த்தி 2.12 ஆகக் குறைகிறது, வேகம் 192 ஆக ஏறுகிறது, மாக் 0.76! வரம்பைச் சோதிக்க வேண்டிய இடம் இந்த முனைதான். உள்விட்டம் 0.30 மீட்டர் போட்டாலும் மாக் 0.53, 0.35-க்குப் போனால்தான் 0.39. தனி அழுத்தத்துக்குப் பதில் கேஜ் அழுத்தத்தை (வளி அழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டும் காட்டுவது) அப்படியே போட்டுவிட்டால் விடை பல மடங்கு பிசகும்.

கணக்கில் போடும் ஓட்ட அளவிலும் கவனம் வேண்டும். டெயில் பைப்புக்கு வால்வின் முழுக் கொள்ளளவு. ஹெடருக்கு அந்தச் சூழலில் உண்மையில் வெளியேற வேண்டிய அளவு.

மாக் 1-ஐ எட்டினால் குழாய் சோக் ஆகிவிடும், அதாவது அதற்கு மேல் வேகம் ஏறாது. அதன்பின் வெளியே அழுத்தத்தைக் குறைத்துப் பயனில்லை. மேலும் வாயு வந்தால் முனையிலேயே அழுத்தம் ஏறி, வால்வு வரை பின்னோக்கிப் பரவும். சாதாரண வால்வுக்கு (பின்னழுத்தத்தைச் சமன்செய்யும் அமைப்பு இல்லாதது) 10 சதவீத மிகையழுத்தத்தில், இப்படி எழும் பின்னழுத்தம் செட் அழுத்தத்தின் (வால்வு திறக்கும்படி அமைத்த அழுத்தம்) 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வால்வு படபடக்கும், கொள்ளளவு குறையும். சிறிய குழாய் பெரிய குழாயில் சேரும் ஒவ்வொரு இடத்தையும் தனியே சோதியுங்கள். ஒரே வழியில் இரண்டு மூன்று இடங்களில் சோக் ஆகலாம்.

மாக் வரம்புக்குள் இருந்தாலும், அழுத்தம் பெரிதாக விழும் வால்வுக்குப் பின்னால் ஒலி அதிர்வைத் தனியாகப் பாருங்கள். மெல்லிய சுவருள்ள பெரிய குழாயில் வெல்ட் செய்த கிளை இணைப்புகளில்தான் விரிசல் முதலில் விழும்.

வாயுவோடு திரவமும் வந்தால் மேலே சொன்ன சூத்திரம் உதவாது. கலவையில் ஒலிவேகம் வாயுவில் உள்ளதைவிட வெகுவாகக் குறையும். அதற்கு வாயு, திரவம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இருகட்டக் கணக்குதான் போட வேண்டும்.