நாலு மூலையில் நிற்கும் கூரை

ரோமில் டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாந்தா மரியா தெலி ஆஞ்செலி என்றொரு தேவாலயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றே தோன்றாது. உட்குழிந்து நிற்கும் ஒரு பழைய செங்கல் சுவர், அவ்வளவுதான். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் ஏறக்குறைய 28 மீட்டர் உயரத்தில் கூரை தெரியும். அதற்கு வயது 1,700. கி.பி. 298-இல் தொடங்கி 306-இல் முடிந்த, ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் குளியல் மாளிகையின் குளிர்நீர்க் கூடம் இது. 1560-களில் மைக்கலாஞ்சலோ தம் எண்பதுகளின் நடுவில் இதைத் தேவாலயமாக மாற்றினார். கூரையில் அவர் கைவைக்கவில்லை.

அந்தக் கூரையை நம்பி ஒரு வானியலாளரும் வந்தார். 1702-இல் பிரான்செஸ்கோ பியாங்கினி இந்தத் தரையில் சுமார் 45 மீட்டர் நீளத்துக்கு வெண்கலக் கோடு ஒன்றைப் பதித்தார். சுவரின் உச்சியில் ஒரு சிறு துளை. நண்பகலில் அதன் வழியே விழும் சூரிய வட்டம் அந்தக் கோட்டைக் கடக்கும். 1846 வரை ரோம் நகரக் கடிகாரங்களை இதை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். புதுக் கட்டடம் என்றால் நாளாக ஆகச் சுவர் இறங்கும், துளையும் கூடவே நகரும், கணக்கு பிசகும். இந்தச் சுவர்கள் இறங்க வேண்டியதெல்லாம் எப்போதோ இறங்கி முடித்துவிட்டன என்பதுதான் பியாங்கினியின் கணிப்பு.

இவ்வளவு பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் அசையாமல் நிற்கும் இந்தக் கூரையைக் குறுக்கு வளைகூரை என்று அழைக்கலாம். அதன் சூட்சுமம் மடிப்புகளில் இருக்கிறது.

முதலில் சாதாரண வளைகூரையைப் பார்ப்போம். ஒரு குழாயை நெடுக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்தால் அதுதான். ரயில் சுரங்கம் இந்த வடிவம். இது தன் எடையைக் கீழே இறக்குவதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் உதைக்கும். அந்த உதைப்பு சுவரின் முழு நீளத்திலும், ஒவ்வொரு அடியிலும் விழும். ஆகவே சுவர் நெடுகத் தடிமனாக இருந்தாக வேண்டும். பெரிய ஜன்னல் வைத்தால் அந்த இடம் பலவீனமாகும். கூடம் குகைபோல் இருண்டு கிடக்கும்.

இப்போது அதே அகலமுள்ள இன்னொரு அரைக்குழாயை முதலாவதன் குறுக்கே செலுத்துவோம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் பிறக்கும்; அவைதான் அந்த மடிப்புகள். கீழிருந்து பார்த்தால் அவை துருத்திக்கொண்டிருக்கும் விளிம்புகள். கூரைமேல் ஏறிப் பார்த்தால் பள்ளங்கள். ஓட்டு வீட்டில் இரண்டு சரிவுகள் சேரும் கூடுவாய் எப்படியோ அப்படித்தான். மழைநீர் இரு சரிவுகளிலிருந்தும் கூடுவாய்க்கு வந்து, அதன் வழியே மூலைக்கு இறங்குகிறது அல்லவா? இந்தக் கூரையின் பாரமும் அதே பாதையில்தான் போகிறது. வளைவுகள் தம் எடையை மடிப்பில் சேர்க்கின்றன; மடிப்பு அதை நான்கு மூலைகளுக்குக் கொண்டுபோகிறது. மூலைகளில் மட்டும் கெட்டியான தூண்கள் இருந்தால் போதும். நடுவிலுள்ள சுவருக்குக் கூரையைச் சுமக்கும் வேலை இல்லை. அதைத் திறந்து விடலாம், வெளிச்சம் வரட்டும்.

டயோக்ளீஷியன் கூடத்தில் அதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு குறுக்கு வளைவின் முனையிலும் ஒரு பெரிய அரைவட்ட ஜன்னல், இரண்டு நிற்கும் கம்பங்களால் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இந்த ஜன்னல் வடிவத்துக்கே கட்டடக் கலையில் டயோக்ளீஷியன் ஜன்னல் என்று பெயர்.

அந்த மடிப்பின் வடிவத்தை நான் முதலில் பார்த்தது ஒரு தகரக் கடையில். மழைநீர்க் குழாய்க்கு முழங்கை வளைவு செய்யும் ஆசாரி, தட்டையான தகரத்தின்மேல் ஆணியால் அலைபோல ஒரு கோடு கீறினார். அந்தக் கோட்டில் வெட்டி, தகரத்தைச் சுருட்டி, அதேபோல் இன்னொன்று செய்து இரண்டையும் வைத்தார். செங்கோணத்தில் இம்மி பிசகாமல் பொருந்திக்கொண்டன. தட்டையில் சைன் அலையாக இருந்தது, சுருட்டியதும் ஒரே தளத்தில் அமைந்த நீள்வட்டமாகிவிட்டது. குறுக்கு வளைகூரையின் மடிப்பும் இதே நீள்வட்டத்தின் பாதிதான். 10 மீட்டர் சதுரக் கூடம் என்றால் வளைவின் உயரம் 5 மீட்டர். மூலைவிட்டமோ 14.14 மீட்டர், ஆனால் உயரம் அதே 5 மீட்டர்தான். ஆகவே அரைவட்டத்தை அமுக்கிவிட்டது போன்ற ஒரு வளைவு.

குறுக்கே வெட்டும் இரு உருளைகளை ஆர்க்கிமிடீஸ் இந்தக் கூரைகளுக்கு முன்பே, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அலசியிருக்கிறார். இரண்டு உருளைகளுக்கும் பொதுவான பகுதியின் கன அளவு, அதைச் சுற்றி வரையும் கனசதுரத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு என்று அறிஞர் எரட்டோஸ்தனீசுக்கு எழுதினார். வட்டங்களால் ஆன உருவம், ஆனால் விடையில் பை (π) இல்லை! அந்த எழுத்தின் பிரதி சுரண்டப்பட்டு, ஒரு பழைய ஜெபப் புத்தகத்தின் வரிகளுக்கு அடியில் மறைந்து கிடந்து, 1906-இல்தான் வெளிப்பட்டது.

ரோமானியருக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அவர்களிடம் கான்கிரீட் இருந்தது. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த காரையில் கல் துண்டுகளை அடுக்கி இறுக்குவார்கள். உயரப் போகப் போக இலேசான எரிமலைக் கல்லைச் சேர்ப்பார்கள். கம்பி கிடையாது. மரத்தில் சென்ட்ரிங் அடித்துவிட்டால் மடிப்பு தானாக அமைந்துவிடும். தச்சர் சரியாக வெட்டினால் போதும். கல்தச்சர் ஒவ்வொரு கல்லையும் செதுக்கிப் பொருத்த வேண்டியதில்லை. கி.பி. 110 வாக்கில் ரோமின் திராஜன் சந்தையின் பெரிய கூடத்தை இப்படி ஆறு வளைகூரைகளால் மூடினார்கள். அங்கே கூரை உதைக்கும் இடங்களில் வெளியிலிருந்து சிறு வளைவுகள் முட்டுக் கொடுத்து நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

உதைப்பு மறைந்துவிடுவதில்லை, நான்கு இடங்களில் குவிகிறது. இதை ரோமிலுள்ள மாக்சென்டியஸ் மன்றத்தின் இடிபாடு நன்றாகக் காட்டுகிறது. 308-இல் பேரரசர் மாக்சென்டியஸ் தொடங்கி கான்ஸ்டன்டைன் முடித்த கட்டடம் அது. நடுக்கூடத்தின்மேல் சுமார் 35 மீட்டர் உயரத்தில் மூன்று குறுக்கு வளைகூரைகள். அவற்றின் உதைப்பைத் தாங்க இருபுறமும் மும்மூன்று பெரிய வளைகூரை அறைகள். நடுக்கூரை நிலநடுக்கங்களில் விழுந்துவிட்டது. வடபுற அறைகள் மூன்றும் இன்னும் நிற்கின்றன. உள்ளே பார்வைக்குக் கூரையைச் சுமப்பதுபோல எட்டுப் பளிங்குத் தூண்கள் இருந்தன. மிஞ்சிய ஒன்றை 1614-இல் போப் ஐந்தாம் பால் வேறொரு தேவாலயத்தின் முன்னால் நிறுத்தினார். ஆனால் அந்தத் தூண்களின் தலைமேல் இருந்த கூரைத் துண்டுகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு இன்னும் அந்தரத்தில் நிற்கின்றன. உண்மையான சுமை பின்னாலிருந்த சுவர்களில்தான் இருந்தது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ரோம் வீழ்ந்த பிறகு மேற்கு ஐரோப்பாவில் அந்த அளவு கான்கிரீட் போடும் ஏற்பாடு இல்லாமல் போனது. கல்லில் கட்டியபோது மடிப்புதான் தலைவலி. அங்கே உட்காரும் ஒவ்வொரு கல்லும் இரண்டு வளைவுகளுக்கும் சேர்த்துச் செதுக்கப்பட வேண்டும். சிறிய அளவில் பழகிக்கொண்டார்கள். ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயத்தின் நிலவறை 1041-இல் அர்ப்பணிக்கப்பட்டது. இருபது உருளைத் தூண்கள், 42 குறுக்கு வளைகூரைகள், வளைவுகளில் வண்ணம் மாறி மாறி வரும் மணற்கல். குட்டையான, அமைதியான ஒரு கற்காடு. பிறகு பேரரசர் நான்காம் ஹென்றி மேலே பெரிய கூடத்தின் தட்டை மரக்கூரையை எடுத்துவிட்டு, 33 மீட்டர் உயரத்தில் கல் வளைகூரை எழுப்பினார். இரண்டு தூணுக்கு ஒரு கூரை என்ற கணக்கில், ஒவ்வொரு கூரையும் மூடும் கட்டமும் சதுரத்தை நெருங்கியது.

சதுரம் இல்லாவிட்டால் என்ன? ஒரு பக்கம் 10 மீட்டர், மறுபக்கம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைவட்டங்களின் உயரம் 5 மீட்டர், 3 மீட்டர். உச்சிகள் சேராது, மடிப்பும் ஒரே தளத்தில் நிற்காமல் முறுக்கிக்கொள்ளும். சிறிய வளைவைக் கால் நீட்டி உயர்த்தலாம், ஆனால் முறுக்கு போகாது. 1093-இல் தொடங்கிய இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் வேறு வழி பிறந்தது. மடிப்பு ஓட வேண்டிய இடத்தில் முதலில் விலா எலும்பு போன்ற கல் வளைவுகளை எழுப்பி, இடையிலுள்ள பரப்பைப் பிறகு மூடினார்கள். கூர்முனை வளைவும் சேர்ந்ததும் எந்த அகலத்துக்கும் உச்சிகளைச் சமமாக்க முடிந்தது. கோதிக் பேராலயங்கள் அங்கிருந்து கிளம்பியவை.

பிரான்சின் வெஸலே தேவாலயத்தில் அந்தப் பாதையை எடுக்கவில்லை. 1120 தீ விபத்துக்குப் பிறகு கட்டிய கூடத்தில் நீள்சதுரக் கட்டங்களின்மேலேயே குறுக்கு வளைகூரை போட்டார்கள். நடுவே அடர்நிறமும் வெளுப்புமாக மாறி வரும் கல் வளைவுகள். கூரையின் உதைப்பைச் சுவர்களால் முழுதாகத் தாங்க முடியவில்லை; அவை வெளிப்பக்கம் சாய்ந்தன. பிற்காலத்தில் வெளியே முட்டு வளைவுகள் கட்டினார்கள். 1840-இல் 26 வயதில் சீரமைப்புப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் வியொலே-ல-துக் அவற்றைப் புதிதாகக் கட்டிக் கட்டடத்தைக் காப்பாற்றினார். இன்றும் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தால் சுவர்கள் விரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சுவர்களின் மேற்பகுதியில், கூரை இறங்காத இடங்களில், ஜன்னல்கள் இருக்கின்றன. ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கெல்லையைத் தொடும் நாளன்று நண்பகலில் தெற்கு ஜன்னல்களின் வெளிச்சம் வட்டம் வட்டமாகத் தரையில் விழுந்து, வாசலிலிருந்து பீடத்தை நோக்கிக் கூடத்தின் நட்டநடுவே ஒரே வரிசையில் கிடக்கும்.